பாடக் குறியீட்டின் கடைசி எழுத்து

17 நவம்பர் 2011, வியாழன்

அரைநாள் லீவு போட்டுவிட்டு மகள் ஆரபியின் பாடசாலைக்குப் போனேன். பெற்றோர் சந்திப்பு. அவள் அங்கே சேர்ந்து இது மூன்றாவது வருடம். நான் போவது முதல் தடவை. பாண் சுடும் தொழிற்சாலையில் எனக்குப் பிற்பகல் மூன்றிலிருந்து பதினொன்று வரை வேலை. இவ்வளவு நாளும் மனைவி மலர்தான் போய்வந்தாள். இன்றைக்கு அவள் வேலைசெய்யும் முதியோர் இல்லத்தில் ஆள் குறைவு.

கனடாவில், இந்த ஸ்காபரோவில் எத்தனையோ பாடசாலைகள் இருக்க, சைவப் பிள்ளையைக் கத்தோலிக்கப் பாடசாலையில் சேர்த்தது நான்தான். யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடம் உயர்தர வகுப்புக்குத் தூய கணிதம் படிப்பித்தேன், பாதிரிமார் நடத்திய கல்லூரியில். சீருடை, மணியடித்தால் அமைதி, பிழைவிட்டால் கண்டிப்பு. இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன்.

உடற்பயிற்சி மண்டபத்தில் மேசை போட்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். முதலில் சமயப் பாட ஆசிரியை. ஆரபிக்குத் தொண்ணூற்றொன்று. வேதாகமத்தை அவ்வளவு அழகாக விளங்கிக்கொள்கிறாளாம். நன்றி சொல்லிவிட்டுக் கணித மேசைக்குப் போனேன். எனக்கு முன்னே இரண்டு பேர் நின்றார்கள். மேசையில் பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகம் கிடந்தது. எடுத்துப் புரட்டினேன்.

ஓர் அத்தியாயம் முழுக்கக் கார் வாங்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று இருந்தது. இன்னோர் அத்தியாயத்தில் பயணத்துக்கு எந்தப் பாதை வசதி என்று கணக்கு. சார்புகளைத் தேடினேன். திரிகோண கணிதச் சர்வசமன்பாடுகளைத் தேடினேன். கடைசிப் பக்கத்தில் விடைகள்தான் இருந்தன.

"எண்பத்திநாலு. மிக நல்ல பிள்ளை" என்றார் அந்த இளம் ஆசிரியர்.

"இதில் சார்புகள் எங்கே?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அது வேறு பாடம் அல்லவா? யூ என்று முடிகிற பாடம். உங்கள் மகள் எடுப்பது சி."

வழிகாட்டல் அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே மிசிஸ் பிரெனன் என்ற கவுன்சிலர் ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்தார். பட்டமளிப்புக்குத் தேவையானவை. முப்பது கிரெடிட்டில் இதுவரை பதினாறு. மிச்சமும் திட்டப்படியே வருகிறது. எழுத்தறிவுப் பரீட்சையில் தேறிவிட்டாள். நாற்பது மணிநேரச் சமூகசேவை முடிந்தது. ஒவ்வொரு வருடமும் சமயம் எடுத்திருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சை மையால் ஒரு சரி.

"எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. தோழிகளோடு சேர்ந்து பட்டம் வாங்குவாள்" என்றார்.

"பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க முடியுமா?"

"இந்தப் பாடங்களோடு முடியாது" என்றார். மேசையில் கிண்ணம் நிறைய மிட்டாய் இருந்தது. ஒன்று எடுக்கச் சொன்னார்.

18 நவம்பர், வெள்ளி

காருக்குப் பனிக்கால ரயர் மாற்றினேன். நான்கு சில்லுக்கும் இரண்டு மணித்தியாலம் காத்திருந்ததில் அவர்களுடைய பாடக் குறியீட்டு முறையை முழுவதும் விளங்கிக்கொண்டேன். மிசிஸ் பிரெனன் ஒரு கைநூல் தந்திருந்தார்.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து எழுத்து. கடைசி எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் டி என்று முடிந்தால் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழி. பி என்று முடிந்தால் செயல்முறைப் பாடம், அதாவது இலகுவான வழி. பி படித்த பிள்ளை பதினோராம் வகுப்பில் சி எடுக்கும், அது தொழில் படிப்பிக்கும் கொலிஜுக்கு. பல்கலைக்கழகத்துக்கான யூ எடுக்க விடமாட்டார்கள். யூ இல்லாமல் பன்னிரண்டில் யூ இல்லை. பதின்மூன்று வயதில் எட்டாம் வகுப்பு முடியும்போது ஒரு தாளில் ஓர் எழுத்தைப் போட்டுவிட்டால் பிறகு எல்லாம் அந்த வழியில் தானாகப் போகும்.

இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒருவரும்.

மலரிடம் கேட்டேன். "ஒவ்வொரு முறையும் பிள்ளை நல்லாச் செய்யிறா எண்டுதான் சொன்னவை" என்றாள். மேலே கேட்க விடாமல் சோற்றை வடிக்கப் போய்விட்டாள்.

20 நவம்பர், ஞாயிறு

ஆரபியைக் கூப்பிட்டு இருத்திக் கதைத்தேன். கதைத்தேன் என்றால் நான் கதைத்தேன்.

"உனக்குத் தெரியுமோ நீ எடுக்கிறது என்ன கணக்கெண்டு?"

"ஓம்."

"எப்ப இருந்து தெரியும்?"

"கிரேட் நைன்ல இருந்து. எல்லாருக்கும் தெரியும் அப்பா."

"எனக்குத் தெரியாதே."

"நீங்கள் கேக்கேல்லை."

அவளுடைய குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஊரில் என்னுடைய வகுப்பில் இருந்து எத்தனை பேர் மொறட்டுவைக்கும் பேராதனைக்கும் பொறியியல் படிக்கப் போனார்கள் என்று சொன்னேன். "தெரியும், எண்பத்தைஞ்சாம் ஆண்டு ஒன்பது பேர்" என்றாள். எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாளாம். பிறகு எழும்பிப் போய்விட்டாள்.

அவள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் இதே மேசையில் பின்னம் படிப்பிக்க இருத்தினேன். ஒரு பென்சில் முறிந்தது. ஒரு சொல் கூடக்குறைய வந்திருக்கும். வேலைக்களைப்பு. எந்த ஆசிரியனுக்கும் அப்படி ஒருநாள் இருக்கும். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று மலரைக் கேட்டேன். அவள்தான் அதை இழுத்தாள், நான் இல்லை.

24 நவம்பர், வியாழன்

காலையில் மிசிஸ் பிரெனனிடம் நேரம் எடுத்துப் போனேன். மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். யார் தீர்மானித்தது? எதை வைத்துத் தீர்மானித்தது? பெற்றோருக்கு ஏன் அறிவிக்கவில்லை?

அவர் ஆரபியின் கோவையை எடுத்தார். எட்டாம் வகுப்பு ஆசிரியை பரிந்துரைத்த தாள் இருந்தது. 'செயல்முறைக் கணிதம் பொருத்தம். பிள்ளை அமைதியானவள், கைகளால் செய்து படிக்கும் இயல்பு.' கைகளால் செய்து படிக்கும் இயல்பு என்றால் என்ன என்று கேட்டேன். அவர் தாளை என் பக்கம் திருப்பினார். கீழே பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் ஒரு கையெழுத்து இருந்தது. அதைப்பற்றி இங்கே எழுத ஒன்றும் இல்லை.

பிறகு இரண்டாவது தாள். ஒன்பதாம் வகுப்பு முடிவில் கணித ஆசிரியர் எழுதியது. பிள்ளை தொண்ணூற்றிமூன்று எடுத்திருக்கிறாள், ஓர் இணைப்புப் பாடம் செய்தால் டி வகுப்புக்கு மாறலாம், மாற்றும்படி பரிந்துரைக்கிறேன் என்று இருந்தது. அதற்குக் கீழே 'வேண்டாம்' என்ற பெட்டியில் அடையாளம். கையெழுத்து மலருடையது.

"வீட்டில் இருந்துதான் வேண்டாம் என்று வந்தது" என்றார் மிசிஸ் பிரெனன். கோவையை மூடினார். பிறகு, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல, ஆங்கிலத்தில் ஒன்று சொன்னார். தமிழில் எழுதுகிறேன்: "எல்லோருடைய தலையும் கணக்குக்கென்று செய்யப்பட்டதல்ல. அதை நேரத்தோடு சொல்லிவிடுவது பிள்ளைக்கு நாம் செய்யும் உதவி."

எழும்பி வந்துவிட்டேன். தொண்ணூற்றிமூன்று எடுத்த பிள்ளையைப் பார்த்து ஒருத்தி சொல்கிற வார்த்தையா இது. இந்தப் பெண்ணுக்குப் பிள்ளையின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? மிட்டாய்க் கிண்ணமும் பச்சை மையும் வைத்துக்கொண்டு இருந்தால் தெரிந்துவிடுமா?

25 நவம்பர், வெள்ளி

பிரின்சிப்பலுக்கு மூன்று பக்கக் கடிதம். கிழித்தேன். திரும்ப எழுதினேன். நாலு பக்கம்.

சூடேற்றும் இயந்திரத்தின் வடிகட்டி மாற்ற வேண்டும். பதினாறுக்கு இருபத்தைந்து அங்குலம்.

28 நவம்பர், திங்கள்

இன்று மலருக்கும் எனக்கும் ஓய்வு. ஆரபி பாடசாலையில். மலர் அந்தத் தாளில் கையெழுத்து வைத்ததைக் கேட்டேன். மறைக்கவில்லை.

"ஓம், வைச்சனான். பிள்ளை அழுதுகொண்டு வந்து கேட்டவள். வைச்சன்."

"எனக்குச் சொல்லாமல்?"

"நீங்கள் எனக்குச் சொல்லிப்போட்டோ மற்றத் தாளில சைன் வைச்சனீங்கள்? காலமை வேலையால வந்து படுத்திட்டு எழும்பி, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, ஒரு எழுத்து வாசிக்காமல் வைச்சனீங்கள். பேருக்குப் பின்னால பி.எஸ்ஸி. எண்டும் போட்டனீங்கள்."

அப்போது எனக்கு இரவு வேலை. அந்த வருடம் முழுக்க இரவு வேலை. அதை அவள் மறந்துவிட்டாள்.

நான் மிசிஸ் பிரெனன் சொன்னதைச் சொன்னேன். இப்படிப்பட்ட சனத்திடம் பிள்ளையைக் குடுத்திட்டு இருக்கிறோம் என்றேன். தலை கணக்குக்கென்று செய்யப்பட்டதல்ல என்று சொல்லுகிறாள், என்ன துணிவு என்றேன்.

மலர் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிற்பாட்டவில்லை.

"என்ர தம்பிக்கு நீங்கள் சொன்னது ஞாபகமில்லையோ?"

"எந்தத் தம்பிக்கு?"

"எனக்கு ஒரு தம்பிதான்."

குகன். ஊரில் என் கணித வகுப்பில் இருந்தவன், இப்போது பிரம்டனில் லொறி ஓட்டுகிறான்.

"எங்கட வீட்டு முத்தத்தில நிண்டு, அம்மாவும் ஐயாவும் பாத்துக்கொண்டிருக்கச் சொன்னனீங்கள். உன்ர தலை கணக்குக்குச் செய்ததில்லையடா, நேரத்தோட சொல்லுறன், அது நான் உனக்குச் செய்யிற உதவி எண்டு. கலைப்பிரிவுக்குப் போ எண்டனீங்கள். அவன் ரெண்டு கிழமை சாப்பிடேல்லை. நான் அப்ப உங்களைக் கட்டி ரெண்டு வருஷம். ஒண்டும் சொல்லேல்லை. இருபத்தைஞ்சு வருஷமாச் சொல்லேல்லை."

அது வேறு, அங்கே பல்கலைக்கழகத்தில் இடம் குறைவு, தமிழ்ப் பிள்ளைகளைக் குறைக்கக் கொழும்பிலிருந்து தரப்படுத்தல், ஒரு வகுப்பில் நாற்பது பேர், தகுதியில்லாத ஒருவனை வைத்திருந்தால் தகுதியுள்ள இன்னொருவனுக்கு இடமில்லாமல் போகும் என்று விளக்கினேன். எல்லாம் உண்மை.

"ஏன் அவள் அழுதவள் எண்டு பிள்ளையிட்டக் கேளுங்கோ" என்றாள். ஆரபியின் பாவாடையை மடித்து மேலே வைத்துவிட்டு உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

29 நவம்பர், செவ்வாய்

வேலை. பனி.

3 டிசம்பர், சனி

ஆரபியை நூல்நிலையத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டேன். அங்கே ஏதோ உதவி செய்யப் போகிறாள். நாற்பது மணிநேரம் எப்போதோ முடிந்துவிட்டதே, ஏன் இன்னும் போகிறாய் என்று கேட்டேன்.

"சின்னப் பிள்ளையளுக்கு ஹோம்வேர்க் ஹெல்ப். மத்ஸ்."

"நீ கணக்குச் சொல்லிக் குடுக்கிறனியோ?"

"ஓம்."

வீதியில் பனிக்கு உப்புத் தூவும் லொறி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. முந்த முடியாது. அதன் பின்னால் ஊர்ந்துகொண்டு கேட்டேன். ஒன்பதாம் வகுப்பு முடிவில் மேல் வகுப்புக்குக் கேட்டார்களே, ஏன் வேண்டாம் என்றாய்?

யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல போனா நீங்கள் படிப்பிக்க வருவியள்."

"அதுக்கென்ன?"

"எனக்கு மத்ஸ் பிடிக்கும் அப்பா. நீங்கள் வந்தா எனக்கு அது பிடிக்காமப் போயிடும். ஈசியான கிளாஸில இருந்தா நீங்கள் புத்தகத்தைப் பாக்கக்கூட மாட்டியள். பாக்கேல்லைத்தானே."

நூல்நிலைய வாசலில் நிறுத்தினேன். இறங்கினாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். நான் அறைந்து சாத்துவேன், அவள் அப்படிச் செய்வதில்லை.

பத்து நிமிடம் அங்கேயே நின்றேன். கண்ணாடிச் சுவரூடாக உள்ளே தெரிந்தது. எட்டு ஒன்பது வயதுப் பெட்டை ஒன்று ஏதோ பிழையாக எழுதியிருக்க வேண்டும். ஆரபி பென்சிலைப் பிடுங்கவில்லை. பிள்ளையின் பக்கத்தில் தலையை வைத்துத் தானும் அந்தப் பிழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த கார்க்காரன் கோர்ன் அடித்தான். இறங்கிப்போய் அவனோடு சண்டை பிடித்தேன். தேவையில்லாத சண்டை.

4 டிசம்பர், ஞாயிறு

கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் வீடு முழுக்கத் திரிகிறது. காலையில் மலரோடு. மத்தியானம் தொலைக்காட்சியோடு. பிரின்சிப்பலுக்கு எழுதிய கடிதத்தை எடுத்து வாசித்தேன். 'ஒரு குழந்தையின் எதிர்காலத்தை ஒரு பேனாவால் தீர்மானிக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்' என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. நல்ல வசனம். நல்ல ஆங்கிலம்.

குகனுக்கு மூன்றாம் தவணையில் என்ன புள்ளி என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. குறைவு. அது மட்டும் தெரியும். அவனுக்கு எங்கே விளங்கவில்லை என்று ஒருநாளாவது கேட்டேனா என்று யோசித்தேன்.

கேட்டிருப்பேன்.

9 டிசம்பர், வெள்ளி

பிரின்சிப்பல் மிஸ்டர் மொறெட்டி. பெரிய மனிதர், மெல்லிய குரல். அவருடைய அறைக்குப் போகும் வழியில் மணியடித்து வகுப்பு மாறியது. பத்தாம் வகுப்புப் பி கணித அறையின் கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். இருபத்திநாலு பிள்ளைகள். எண்ணினேன், எண்ணுவது எனக்குப் பழக்கம். பத்தொன்பது பேர் எங்கள் பிள்ளைகள் அல்லது கறுப்பினப் பிள்ளைகள். இரண்டு அறை தள்ளி டி வகுப்பு. அங்கே அப்படி ஒன்பது பேர்தான்.

கடிதத்தைக் கொடுக்கவில்லை. அந்த எண்களைச் சொன்னேன். "இதை எப்படி விளக்குவீர்கள்?"

"நாங்கள் எட்டாம் வகுப்பு ஆசிரியர்களின் பரிந்துரையைப் பின்பற்றுகிறோம். பெற்றோரும் சம்மதிக்கிறார்கள்."

"சம்மதம் என்றால் வாசித்து விளங்கிச் செய்வது."

"உங்கள் படிவத்தைப் பார்த்தேன், ஐயா. நீங்கள் விஞ்ஞானப் பட்டதாரி."

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். சிலுவைக்குக் கீழே தொங்கியது. நான் என்ன சொன்னேன் என்றால்: "ஆம். அப்படிப்பட்டவனே விளங்காமல் கையெழுத்து வைக்கிற படிவம் அது. மற்றவர்களை நினைத்துப் பாருங்கள்."

இதைச் சொன்னபோது என் குரல் வெளியே காரியதரிசிக்குக் கேட்டிருக்கும். மிஸ்டர் மொறெட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வேறு மனிதர்போலக் கதைத்தார். பெப்ரவரியில் இரண்டாம் பருவம் தொடங்குகிறது. ஆரபி பத்தாம் வகுப்பு டி கணிதத்தை அப்போது எடுக்கலாம். தன்னைவிட ஒரு வயது குறைந்த பிள்ளைகளோடு இருக்கவேண்டும். கோடை வகுப்பில் பதினொன்று யூ. பன்னிரண்டில் மற்றவை. கடினம், ஆனால் பட்டமளிப்பு பிந்தாது.

"இப்போதே எழுதுங்கள்" என்றேன்.

"நீங்கள் கேட்டால் எழுதமாட்டேன். அவள் வந்து கேட்கவேண்டும்."

அந்தக் கணம் அந்த மனிதரை அடிக்கலாம்போல இருந்தது. இப்போதும் இருக்கிறது, ஆனால் ஏன் என்று சரியாகத் தெரியவில்லை.

15 டிசம்பர், வியாழன்

காலை ஆறரைக்கு, ஆரபி பாடசாலைக்கு வெளிக்கிடும் நேரம், எழும்பி வந்தேன். பிரின்சிப்பல் சொன்னதை அப்படியே சொன்னேன். எடு என்றும் சொல்லவில்லை, எடாதே என்றும் சொல்லவில்லை. அதற்கு எவ்வளவு பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அவள் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே கேட்டாள். "எடுத்தா, நீங்கள் கொப்பியைப் பாப்பீங்களோ?"

"இல்லை."

"மார்க்ஸ் கேப்பீங்களோ?"

"அது..."

"அப்பா."

"கேக்கமாட்டன்."

"அம்மாவிட்டயும் கேக்கக்கூடாது."

"சரி."

"அப்ப யோசிக்கிறன்" என்று போனாள். யோசிக்கிறாளாம். பஸ்ஸுக்கு ஓடும்போது தொப்பியை விட்டுவிட்டாள். சாறத்தோடு பின்னால் ஓடிக் கொடுத்தேன்.

1 ஜனவரி 2012, ஞாயிறு

ஓர் அடிப் பனி. இரண்டு தரம் தள்ளினேன். இடுப்பு விட்டுவிட்டது.

குகன் வருடப்பிறப்புக்குப் போன் எடுத்தான். வழக்கமாக மலரிடம் கொடுத்துவிடுவேன். இன்றைக்கு அவள் குளித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், ஹப்பி நியூ இயர். அக்கா இல்லையோ?"

"குளிக்கிறா. குகன், ஒண்டு கேக்கவேணும். உன்னைக் கணக்கு வகுப்பால நான் எடுத்தது..."

"ஐயோ அத்தான், அதெல்லாம் எப்பத்தைய கதை. நான் மறந்திட்டன்."

"நான் சொன்ன விதம் பிழை."

எடுத்தது பிழை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். விதம் என்றுதான் வந்தது.

பின்னால் அவனுடைய பிள்ளைகளின் சத்தம் கேட்டது. பிறகு சொன்னான். "முப்பத்தெட்டு. மூண்டாந் தவணை. நாப்பது வேணுமெண்டனீங்கள். லிஸ்ரில பேரைச் சிவப்பு மையால வெட்டிப் பலகையில ஒட்டினனீங்கள். என்ர பேருக்கு மேல நித்தி, கீழ பாலேந்திரா."

மறந்துவிட்டேன் என்றவன்.

"எது விளங்கேல்லை உனக்கு அப்ப?" என்று கேட்டேன்.

"வகையீடு. கடைசி மட்டும் விளங்கேல்லை. இப்ப மகன் படிக்கேக்குள்ள பக்கத்தில இருந்து பாத்தன். அவ்வளவு கஷ்டமில்லை என்ன?"

"இல்லை" என்றேன். "அவ்வளவு கஷ்டமில்லை."

மலர் வந்துவிட்டாள். போனைக் கொடுத்துவிட்டு மூன்றாம் தரமும் பனி தள்ளப் போனேன். தள்ளுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

15 ஜனவரி, ஞாயிறு

பொங்கல். அடுப்பில் பொங்கினோம். புகை எச்சரிக்கைக் கருவி கத்தியது. ஆரபி கதிரையில் ஏறி நின்று பற்றரியைக் கழற்றினாள். கழற்றும்போது, "மிஸ்டர் மொறெட்டியிட்டக் கேட்டிட்டன்" என்றாள், மேலே பார்த்தபடியே. நான் சர்க்கரைப் பொங்கலைக் கிளறினேன்.

19 ஜனவரி, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

அடுத்த வருடம் சேரப்போகும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு மாலை ஏழு மணிக்குக் கூட்டம் என்று பாடசாலைப் பலகையில் முன்பே பார்த்திருந்தேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. லீவு போட்டுவிட்டுப் போனேன். மலருக்குச் சொல்லவில்லை.

மண்டபத்தில் இருநூறு பேர் இருக்கும். வாசலில் சீருடையோடு மாணவர் சிலர் படிவங்கள் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருத்தி ஆரபி. உதவிக்கு வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. ஒரு படிவத்தை நீட்டினாள், எல்லோருக்கும் நீட்டுவதுபோல. வாங்கிக்கொண்டேன்.

மிசிஸ் பிரெனன் மேடையில் நின்று விளக்கினார். முப்பது கிரெடிட், நாற்பது மணிநேரம், எழுத்தறிவுப் பரீட்சை, சமயம். டி பற்றியும் பி பற்றியும் சொன்னது ஒரு நிமிடம். கற்கும் பாணிகள் வேறு வேறு, உங்கள் பிள்ளையின் ஆசிரியருக்கே நன்றாகத் தெரியும் என்றார். பி எடுத்தால் எந்தக் கதவு மூடும் என்று ஒரு வார்த்தை இல்லை.

பின்வரிசையில் எங்கள் சனம். வேலைக் கோட்டைக் கழற்றாமல் வந்திருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு தாயும் தகப்பனும். தாய் படிவத்தை மடியில் வைத்துப் பேனையைத் திறந்துவிட்டாள்.

குனிந்து கேட்டேன். "தங்கச்சி, பிள்ளைக்கு என்ன எழுத்துப் போட்டிருக்கு?"

"பி எண்டு ரீச்சர் போட்டு விட்டிருக்கிறா. ஏன் அண்ணை?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்களும் திரும்பினார்கள். ஏழெட்டுக் குடும்பம் கதிரையை இழுத்துக்கொண்டு வந்தது.

தகப்பன் நம்பவில்லை. "படிப்பிக்கிற ஆக்களுக்குத் தெரியாததே அண்ணை? அவை பிள்ளையை நாளும் பாக்கினம்."

"நானும் படிப்பிச்சனான். பதினாலு வருஷம், உயர்தரக் கணக்கு. நான் பிள்ளையளைப் பாக்கேல்லை, புள்ளியைத்தான் பாத்தனான். என்ர மச்சானை முப்பத்தெட்டுப் புள்ளிக்காக வகுப்பால எடுத்தனான். அது பிழை. ஏன் விளங்கேல்லை எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை. இஞ்ச வந்து என்ர மகளுக்கு உந்தப் பி எழுத்துக்குக் கீழ நானே கையெழுத்து வைச்சன், வாசிக்காமல். அவளுக்கு ஒன்பதாம் வகுப்பில தொண்ணூற்றிமூண்டு. அதுவும் எனக்குத் தெரியாது. ஏனெண்டால் அவள் என்னட்ட இருந்து கணக்கை ஒளிச்சு வைச்சிருந்தவள்."

இவ்வளவையும் நான் உரக்கச் சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்தபோதுதான் மண்டபம் அமைதியாக இருப்பது தெரிந்தது. மிசிஸ் பிரெனனும் உதவி அதிபரும் வந்து நின்றார்கள். இந்தக் கூட்டம் எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு மட்டும், தயவுசெய்து வெளியே வாருங்கள் என்றார்கள். அவர்களுடைய மரியாதைதான் எனக்கு மேலும் கோபத்தை ஏற்றியது. ஆங்கிலத்தில் கேட்டேன்: "மேடையில் நீங்கள் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிட்டு வருகிறேன். அல்லது நீங்களே சொல்லுங்கள். இப்போது, ஒலிவாங்கியில்." மிசிஸ் பிரெனனின் கழுத்து சிவந்தது. உதவி அதிபர் என் முழங்கையைத் தொட்டார். உதறினேன்.

வாசல் வரைக்கும் இரண்டு பேர் கூட வந்தார்கள். வெளியே தள்ளவில்லை, ஆனால் தள்ளியதுதான். கோட்டை உள்ளேயே விட்டுவிட்டேன்.

ஆரபி அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நான் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையின் பாடசாலையில், அவளுடைய தோழிகளுக்கு முன்னால்.

"கோட்டைப் போடுங்கோ அப்பா. வெளியில மைனஸ் பதினெட்டு."

போட்டேன். சிப்பை என்னால் இழுக்க முடியவில்லை. அவளே இழுத்துவிட்டாள்.

"நீங்கள் வீட்டை போங்கோ" என்றாள். "ஆக்கள் இன்னும் இருக்கினம். நான் போய்ச் சொல்லுறன்."

கையில் மிச்சப் படிவங்களோடு உள்ளே போனாள்.

24 ஜனவரி, செவ்வாய்

பாடசாலையில் இருந்து கடிதம். இனி முன்கூட்டியே நேரம் எடுக்காமல் வளாகத்துக்குள் வரக்கூடாதாம். 'இடையூறு' என்ற சொல் மூன்று இடத்தில். மிஸ்டர் மொறெட்டியின் கையெழுத்து. பதில் எழுத நாலு பக்கம் மனதில் ஓடியது. எழுதவில்லை. கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டினேன். மலர் வாசித்துவிட்டுச் சிரித்தாள். கனகாலத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

7 பெப்ரவரி, செவ்வாய்

இரண்டாம் பருவம் தொடங்கிவிட்டது. ஆரபி காலையில் போனாள். புத்தகப்பையில் புதுப் புத்தகம் ஒன்றின் மூலை தெரிந்தது. நான் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஒன்றரை வருடம் கேட்கக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

வேலைக்கு வெளிக்கிடும்போது தொலைபேசி. தெரியாத குரல். அன்றைக்கு மண்டபத்தில் எனக்கு முன்னால் இருந்த தகப்பனாம். நம்பரை ஆரபி கொடுத்திருக்கிறாள். அவள் அதை எனக்குச் சொல்லவில்லை.

"மாஸ்டர், நாளைக்கு ஃபோம் குடுக்கவேணும். நானும் மனிசியும் ரெண்டு நாளா யோசிச்சுக் களைச்சுப்போனம். நீங்கள் படிச்ச ஆள். எந்த எழுத்துப் போடுறதெண்டு சொல்லுங்கோ, கண்ணை மூடிக்கொண்டு போடுறம்."

டி என்ற பதில் நாக்கு நுனியில் நின்றது. ஓர் எழுத்து. அரை நொடி.

"பிள்ளை பக்கத்தில நிக்கிறாவோ?" என்று கேட்டேன்.

"ஓம், நிக்கிறாள். ஏன்?"

"போனை அவவிட்டக் குடுங்கோ."